இளவரசர், பட்டத்து இளவரசர், யுவராஜா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பக்கங்களில் பள்ளி நாடகம் எழுதுகிறவர்கள், கூத்து வாத்தியார்கள், வெளிநாட்டுச் செய்தியைத் தமிழாக்குகிறவர்கள், கோயில் கல்வெட்டைப் படிக்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் ஏதாவது ஓர் இடத்தில் 'இளவரசர்' என்ற சொல்லில் இடறுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் விடைகள் இங்கே ஒரே இடத்தில்.

இளவரசர் என்றாலே அடுத்த அரசர் என்றுதானே பொருள்?

இன்றைய தமிழில் இல்லை. அரசருக்கு ஐந்து ஆண் பிள்ளைகள் என்றால் ஐந்து பேரும் இளவரசர்கள்தான். அடுத்து அரியணை ஏற வேண்டியவர் மட்டும் பட்டத்து இளவரசர். சவுதி அரேபியச் செய்திகளில் இது பளிச்சென்று தெரியும். அங்கே அரச குடும்பத்து ஆண்கள் எல்லோரும் 'அமீர்'. 'வலி அல் அஹத்' ஒருவர்தான். முன்னதை இளவரசர் என்றும் பின்னதைப் பட்டத்து இளவரசர் என்றும் எழுத வேண்டும். முகமது பின் சல்மான் 2017 ஜூனில் பட்டத்து இளவரசர் ஆனார். அதற்கு முன்பும் அவர் இளவரசர்தான்.

பழந்தமிழில் கதை வேறு. அங்கே இளவரசு, இளங்கோ என்பவை பதவிப் பெயர்கள். கோ, அதாவது அரசர், இருக்கும்போதே அவருக்கு அடுத்த நிலையில் அமர்த்தப்பட்டவர் இளங்கோ. பின்னாளில் அரசன் பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் 'இளவரசர்' என்று வழங்கப்போய்ச் சொல் நீர்த்துவிட்டது. அதனால்தான் முன்னால் 'பட்டத்து' என்று ஒட்டவேண்டிய தேவை வந்தது.

'பட்டத்து' என்பதில் உள்ள பட்டம் எது?

நெற்றியில் கட்டும் பொன் தகடு. அரசுரிமை தரும் சடங்கில் அதைக் கட்டுவார்கள். 'பட்டம் கட்டுதல்' என்ற தொடர் அப்படி வந்ததே. பட்டத்து யானை, பட்டத்தரசி, கொங்கு நாட்டுப் பட்டக்காரர் எல்லாம் இதே வேரில் நிற்பவை. கல்லூரிப் பட்டத்துக்கும் இந்தப் பொருள்தான் நீண்டது.

இணைய மொழிபெயர்ப்புக் கருவிகள் சில நேரம் 'கிரீட இளவரசர்', 'மகுட இளவரசர்' என்று தருகின்றன. தமிழில் அப்படிச் சொல்வதில்லை. தமிழ்நாட்டு வழக்கு பட்டத்து இளவரசர். இலங்கைத் தமிழில் 'முடிக்குரிய இளவரசர்' என்பதும் நன்றாக வழங்குகிறது. இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் படிப்பவர் இரண்டு ஆள் என்று நினைத்துவிடுவார்.

யுவராஜா என்பது வேறு பதவியா?

பொருள் அதேதான்: யுவ என்றால் இளமை. ஆனால் யுவராஜா என்பது வெறும் உறவுப்பெயராக இருந்ததில்லை; பொறுப்புள்ள பதவி. அந்தப் பதவிக்கு 'யௌவராஜ்யம்' என்று தனிப்பெயரே உண்டு. முற்காலப் பல்லவர்களில் சிவஸ்கந்தவர்மன் யுவமகாராஜாவாக இருந்தபோதே மயிதவோலுச் செப்பேட்டை வெளியிட்டான். நிலக்கொடைக்கு ஆணையிடும் அதிகாரம் அவனிடம் அப்போதே இருந்தது.

யுவராஜா மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மைசூரில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் யுவராஜாவாக இருந்தவர் அவருடைய தம்பி கண்டீரவ நரசிம்மராஜ உடையார். 1940 மார்ச்சில் யுவராஜா இறந்தார், அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஜாவும் இறந்தார். பட்டம் யுவராஜாவின் மகன் ஜயசாமராஜருக்குப் போனது.

'யுவராஜா இளவரசர்' என்று எழுதுவது நடுசென்டர் கதைதான். ஒன்றை வெட்டுங்கள்.

தமிழில் இந்தப் பட்டத்துக்குப் பழைய சான்று எங்கே இருக்கிறது?

சேலத்திலிருந்து நாமக்கல் தாண்டிக் கரூர் போகும் வழியில், வேலாயுதம்பாளையத்தை ஒட்டிய புகழூர் ஆறுநாட்டார் மலையில். அங்குள்ள குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகளும் தமிழ்பிராமி எழுத்துகளும் உள்ளன. அவற்றில் ஒன்று, யாற்றூர் செங்காயபன் என்ற முனிவருக்கு உறைவிடம் அமைத்த செய்தியைச் சொல்கிறது. அமைத்த சந்தர்ப்பம்தான் நமக்கு முக்கியம்: இரும்பொறை மரபில் வந்த ஒரு சேர அரசனின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ 'இளங்கோ' ஆனபோது வெட்டிய கல் அது.

மூன்று தலைமுறை ஒரே வரியில் வருகிறது. 'இளங்கடுங்கோ' என்பதில் உள்ள 'இளம்' ஆளின் பெயரில் ஒட்டியது. அடுத்து வரும் 'இளங்கோ' அன்று அவன் ஏற்ற பதவி. இரண்டையும் பெயர் என்றே படித்தால் 'இளங்கடுங்கோ இளங்கோ' என்று ஓர் ஆள் முளைத்துவிடுவான். முதன்முறை படிப்பவர்கள் வழுக்குவது இங்கேதான். கல்வெட்டில் 'இளங்கோ' என்பதை அடுத்து வரும் 'ஆக' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. இன்று நாம் 'தலைவர் ஆனபோது வைத்த கல்' என்று சொல்வது போலத்தான்.

பெயரில் 'இளம்' வந்தாலே வாரிசு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. இளஞ்சேரல் இரும்பொறை அரசனாகவே ஆண்டவன். அதே பெயர் கொண்ட மூத்தவரிடமிருந்து பிரித்துக் காட்ட 'இளம்' உதவியிருக்கலாம், அவ்வளவுதான். இளங்கோவடிகளையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அண்ணன் இருக்கத் தம்பிக்கு அரசு என்று நிமித்திகன் சொல்லப்போய் அவர் துறவு பூண்டார் என்பது வழிவழிக் கதை. அரசைத் துறந்தவருக்கு வாரிசுப் பட்டமே பெயராகத் தங்கிவிட்டது.

சோழர் கல்வெட்டில் ஆட்சியாண்டைக் கூட்டினால் கணக்கு ஏன் உதைக்கிறது?

இளவரசுப் பட்டம் கட்டிய நாளிலிருந்தே ஆட்சியாண்டை எண்ணுவதால். தந்தை உயிரோடு ஆளும்போதே மகனுக்குப் பட்டம் கட்டி, இருவரும் சேர்ந்து ஆள்வது அவர்கள் வழக்கம். மகன் பெயரில் கல்வெட்டு அன்றே தொடங்கிவிடும்.

எண்ணில் பாருங்கள். முதலாம் ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வந்து 1014 வரை, 29 ஆண்டு. முதலாம் ராஜேந்திரனுக்கு 1012இல் பட்டம் கட்டினார்கள்; 1044 வரை 32 ஆண்டு. அவன் மகன் ராஜாதிராஜனுக்கு 1018இலேயே பட்டம். 1054இல் கொப்பத்துப் போரில் மடிந்தபோது 36 ஆண்டு ஆகியிருந்தது. மூன்றையும் கூட்டினால் 97. 985உடன் சேர்த்தால் 1082 வருகிறது. உண்மையில் ராஜாதிராஜன் இறந்தது 1054இல். இடையிலுள்ள 28 ஆண்டும் இரட்டை எண்ணிக்கை. தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்ட காலம் இரண்டு பேர் கணக்கிலும் ஏறிவிட்டது.

ஆகவே ஆட்சியாண்டைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு அரசருக்கும் அவருடைய முதல் ஆண்டை வைத்துத் தனியாகக் கணக்கிடுங்கள். கல்லில் 'யாண்டு 3' என்று இருந்தால் அது மூன்றாம் ஆண்டு. ஒன்றைக் கழித்து 2ஐத் தொடக்க ஆண்டுடன் சேர்க்க வேண்டும். ராஜேந்திரனின் 'யாண்டு 3' என்பது 1012 + 2, அதாவது 1014-15. கழிக்க மறந்தால் எல்லாமே ஓராண்டு தள்ளிப் போகும். ஆட்சியாண்டு சித்திரையில் மாறாது, பட்டம் கட்டிய நாளில் மாறும். அதனால் விடையை இரண்டு ஆங்கில ஆண்டுகளாக எழுதுவதே நேர்மை.

கூடவே இன்னொரு கைப்பிடி: சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி, ராஜாதிராஜன் ராஜகேசரி, அவன் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் பரகேசரி. பட்டம் மாறியிருந்தால் ஆளும் மாறிவிட்டது. ஆனால் இந்த விதியும் ஓரிடத்தில் வழுக்கும். இரண்டாம் ராஜேந்திரனின் மகன் ராஜமகேந்திரன் ராஜகேசரியாகப் பட்டம் கட்டப்பட்டுத் தனியாட்சிக்கு வராமலே இறந்தான். அடுத்து வந்த வீரராஜேந்திரனும் ராஜகேசரி. ராஜகேசரி என்பதை மட்டும் நம்பினால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

பட்டம் கட்டாத அரசகுமாரர்களையும் கல்வெட்டு மரியாதையாகப் 'பிள்ளையார்' என்று சொல்லும். திருநாவலூர்க் கல்வெட்டில் வரும் 'பிள்ளையார் இராசாதித்த தேவர்' பராந்தகனின் மகன், 949இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே இறந்தவன். விநாயகருக்குக் கொடுத்த கொடை என்று படித்துவிட வேண்டாம்.

தாரமங்கலத்தை ஆண்ட தலைவரை 'இம்முடி' கெட்டி முதலி என்கிறார்களே, இரண்டாம் முடி, அதாவது இளவரசர் என்று பொருளா?

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அப்படி இல்லை. கன்னடத்தில் 'இம்மடி' என்றால் இருமடங்கு, இரண்டாவது. இம்மடி புலிகேசி என்றால் இரண்டாம் புலிகேசி. அவன் பேரரசன், வாரிசு அல்ல. கன்னட நாட்டை ஒட்டிய இந்தப் பகுதியில் அந்தச் சொல் 'இம்முடி' என்று பட்டப்பெயராக வழங்கியது. தமிழ்க் காதுக்கு 'முடி' என்று பட்டதால் கிரீடக் கதை சேர்ந்துகொண்டது. ராஜராஜனின் 'மும்முடிச் சோழன்' மூன்று முடியைக் குறிப்பது. அதையும் இதையும் ஒரு தட்டில் வைக்கக் கூடாது. வணங்காமுடி கெட்டி முதலி என்பதில் உள்ள முடி தலை. யாருக்கும் தலை வணங்காதவன்.

சேர்வராயன் மலையின் பெயரில் உள்ள ராயன்?

ராயன் என்றால் அரசன். வாரிசுப் பட்டம் அல்ல. இந்த மலைகளின் மலையாளிப் பழங்குடி மக்களிடம் வழங்கும் மரபுக்கதையில், காஞ்சியிலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் ஆளுக்கு ஒரு மலையாகக் குடியேறினார்கள். பங்கு பிரித்துக்கொள்ளும் இடத்தில் பட்டத்து இளவரசருக்கு வேலை இல்லை.

'சின்னதுரை' என்பது வாரிசைக் குறிக்குமா?

எங்கே சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜமீன் வீட்டில் சின்னதுரை என்றால் பட்டத்துக்கு வரவேண்டிய பிள்ளை அல்லது இளையவர். எஸ்டேட்டில் பெரிய துரை மேனேஜர், சின்னதுரை அவருக்குக் கீழுள்ள உதவி மேனேஜர். உறவே இருக்க வேண்டியதில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தைக் களமாக வைத்து நாடகம் எழுதிவிட்டுச் சின்னதுரையைத் துரையின் மகன் ஆக்கினால், தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் சிரிப்பார்கள்.

சேலம் ஜில்லாவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று மிட்டா. 1792இல் திப்பு சுல்தானுடன் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. அதன் பிறகு நிலவரிக்காக நிலத்தை மிட்டாக்களாக வகுத்து ஏலம் விட்டார்கள். மிட்டா கைமாறக்கூடியது, துண்டாகக்கூடியது. எனவே மிட்டாதார் பிள்ளைக்கு 'யுவராஜா' என்று போடுவது பொருந்தாது, 'சின்னவர்' போதும். மூத்த மகனுக்கே முழுதும் என்ற விதி, 1904ஆம் ஆண்டுச் சட்டம் பிரிக்கக்கூடாதவை என்று பட்டியலிட்ட பழைய ஜமீன்களுக்கு உரியது. 1948 ஒழிப்புச் சட்டத்தோடு அந்த ஏற்பாடும் முடிந்தது.

கூத்திலும் நாடகத்திலும் யாரை யுவராஜா என்று அழைக்கலாம்?

பாரதத்தில் அரக்கு மாளிகைக்கு முன்பே திருதராட்டிரன் யுவராஜா ஆக்கியது தருமரை. துரியோதனனின் கோபம் மூண்டதற்கு அது பெரிய காரணம், ஆகவே வசனத்தில் அவனை 'யுவராஜா' என்று கட்டியக்காரன் அறிவித்தால் கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடும். போருக்குப் பிறகு தருமர் முடி சூடியதும் யுவராஜா ஆனவன் பீமன். துரியோதனன் மகன் இலக்கணகுமாரனை இளவரசன் என்று அழைப்பதில் தவறில்லை. ராமாயணத்தில் தசரதன் ராமனுக்குச் செய்ய நினைத்தது யுவராஜப் பட்டாபிஷேகம்தான். கிஷ்கிந்தையில் சுக்ரீவன் அரசனானபோது யுவராஜா அங்கதன். தன் மகனாக இல்லாத ஒருவனுக்கு, அதுவும் வாலியின் மகனுக்கு. வான்மீகத்தில் போர் முடிந்து திரும்பிய ராமன் முதலில் இலக்குவனைத்தான் கேட்கிறான். அவன் மறுக்க, பரதன் யுவராஜா ஆகிறான்.

விளிப்பில் நிறையப் பேர் தவறுகிறார்கள். அமைச்சர், சேனாபதி, காவலன் 'இளவரசே' என்று அழைக்கலாம். அரசன் தன் மகனை அப்படி அழைக்க மாட்டான், 'மைந்தா', 'குமாரா'. தாய் 'மகனே', 'கண்ணே'. குருவும் பாட்டனும் பெயர் சொல்லியோ 'குழந்தாய்' என்றோ அழைப்பார்கள். எல்லோரும் எல்லா இடத்திலும் 'இளவரசே' என்றால் மேடையில் உறவே தெரியாது.

திருவிதாங்கூர் 'இளையராஜா' யார்?

அங்கே வாரிசுக்குரிய பட்டமே இளையராஜா. மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறை என்பதால் அரசரின் மகன் அரசராக முடியாது. அடுத்த உரிமை அரசரின் தம்பிக்கு, பிறகு சகோதரியின் மகனுக்கு. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் இளையராஜா அவருடைய தம்பி உத்திராடம் திருநாள். பழைய ஆவணத்தில் 'இளையராஜா' என்று கண்டவுடன் 'மகன்' என்று அடிக்குறிப்புப் போடாதீர்கள். (இசையமைப்பாளர் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ராஜா என்ற பெயருக்கு முன்னால் 'இளைய' சேர்ந்தது திரையுலகில்.)

'வேல்ஸ் இளவரசர்' பிறப்பிலேயே கிடைக்கும் பட்டமா?

இல்லை. அரசர் ஆணை பிறப்பித்துத் தரவேண்டும். பிறப்புரிமையாகத் தானே வந்து சேருவது கார்ன்வால் கோமகன் பட்டம்; அதுவும் அரசரின் மூத்த மகன் வாரிசாக இருந்தால். சார்லஸுக்கு வேல்ஸ் பட்டம் 1958இல் தரப்பட்டது. கார்னார்வன் கோட்டையில் பதவியேற்புச் சடங்கு நடந்தது 1969இல். வில்லியமுக்கு 2022 செப்டம்பர் 9 அன்று, தந்தை அரசரான மறுநாளே, அறிவிக்கப்பட்டது.

செய்தியைத் தமிழாக்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலில், மூலத்தில் இருப்பது நாட்டுப் பெயரோடு வரும் பட்டமா, பொதுவான வாரிசுப் பட்டமா. நாட்டுப் பெயரோடு வந்தால் அப்படியே 'வேல்ஸ் இளவரசர்' என்று வைத்து, முதல்முறை மட்டும் 'பிரிட்டன் அரியணைக்கு அடுத்த வாரிசு' என்று விளக்கம் சேருங்கள். அடுத்து, 'முடிசூட்டப்பட்டார்' என்ற வினை. அது அரசருக்கு உரியது. பட்டத்து இளவரசராக ஒருவர் அறிவிக்கப்படுகிறார், நியமிக்கப்படுகிறார். மூன்றாவது, உரிமை உறுதியானதா, தற்காலிகமானதா. இரண்டாம் எலிசபெத் 1936 முதல் 1952 வரை முதல் வாரிசாக இருந்தும் உறுதியான வாரிசு அல்ல; தந்தைக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தால் பின்னுக்குப் போயிருப்பார். இந்த நிலையில் உள்ளவரை 'இப்போதைய நிலையில் அடுத்த வாரிசு' என்று எழுதுவது பாதுகாப்பு.

ஆற்காடு இளவரசர் யாருடைய வாரிசு?

யாருடைய வாரிசும் அல்ல, அவரே குடும்பத் தலைவர். 1855இல் கர்நாடக நவாப் குலாம் கௌஸ் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி நவாப் பட்டத்தை ஒழித்தது. அவருடைய சித்தப்பா ஆஸிம் ஜாவுக்கு 1867இல் விக்டோரியா அரசி 'அமீரே ஆற்காடு' என்ற பரம்பரைப் பட்டத்தைத் தந்தார். 'அமீர்' தமிழில் 'இளவரசர்' ஆகிவிட்டதால்தான் எழுபது வயதுப் பெரியவரை இளவரசர் என்கிறார்களே என்ற கேள்வி வருகிறது. வழக்கு ஊன்றிவிட்டது, மாற்ற வேண்டாம், புரிந்துகொண்டால் போதும்.

மற்ற நாடுகளில்?

தாய்லாந்தின் வாரிசுப் பட்டத்தில் நம் காதுக்கு 'மகுட ராஜகுமாரன்' அப்படியே கேட்கும். மலேசியாவில் சிலாங்கூர், பேராக், கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் 'ராஜா மூடா'. மூடா என்றால் மலாயில் இளைய. நம் இளையராஜாவேதான், மூடத்தனம் ஒன்றும் இல்லை. மன்னராட்சி இருந்த காலத்துப் பிரான்சில் வாரிசுக்குப் பெயர் டால்பின். 1349இல் டோஃபினே நிலப்பகுதி அரச குடும்பத்துக்குக் கைமாறியபோது அதை ஆண்டவர்களின் டால்பின் சின்னப் பட்டமும் கூடவே வந்தது. ஜப்பானில் 2019 முதல் வாரிசாக இருக்கும் அகிஷினோ பேரரசரின் தம்பி. மகனுக்குரிய 'கோதாய்ஷி' பட்டம் அவருக்கு இல்லை, 'கோஷி' என்ற வேறு பட்டம். தமிழில் இரண்டுக்கும் பட்டத்து இளவரசர் என்றே எழுதுகிறோம்.

வாரிசு பெண் என்றால் 'இளவரசி' போதுமா?

போதாது. இளவரசி என்பது அரசரின் மகளும் ஆகலாம், இளவரசரின் மனைவியும் ஆகலாம். உரிமை உள்ளவரைப் 'பட்டத்து இளவரசி' என்று எழுதுங்கள். பட்டத்து இளவரசரின் மனைவியையும் அப்படியே எழுதும் வழக்கம் இருப்பதால், 'அரியணை வாரிசான' என்று ஒருமுறை சேர்த்தால் ஐயம் தீரும். சுவீடனில் 1979இல் பிறந்த கார்ல் பிலிப் சில மாதங்கள் பட்டத்து இளவரசராக இருந்தார். 1980 ஜனவரி 1 அன்று சட்டம் மாறியதும் அக்கா விக்டோரியா பட்டத்து இளவரசி ஆனார், தம்பி வெறும் இளவரசர். பிரிட்டனில் 2011 அக்டோபர் 28க்குப் பின் பிறந்தவர்களுக்கு ஆண், பெண் முன்னுரிமை இல்லை. அதனால்தான் சார்லட் தன் தம்பி லூயிக்கு முன்னால் நிற்கிறார்.

எழுத்தில் எது சரி?

'பட்டத்து இளவரசர்' என்று பிரித்தே எழுதலாம். 'இளவரசுப் பட்டம்' என்பதில் ப் உண்டு; 'இளவரசர் பட்டம்' என்பதில் இல்லை. 'இளவரசர்ப் பட்டம்' பிழை. 'இளவரசன்' கதையிலும் கூத்திலும் சரி, இன்று வாழ்பவரைப் பற்றிய செய்தியில் 'இளவரசர்'.

கல்யாணப் பத்திரிகையிலும் பிளெக்ஸிலும் 'யுவராஜா' என்று பட்டம் போடலாமா?

அரசியலமைப்பின் 18ஆவது பிரிவின்படி இராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்காது. சமஸ்தான மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரமும் மானியமும் 1971இல் 26ஆவது திருத்தத்தோடு போயின. குடும்ப மரியாதைக்குக் கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்வது வேறு. பத்திரம், மனு, சான்றிதழ் இவற்றில் பட்டமாக எழுதக் கூடாது. யுவராஜ், இளவரசன், இளங்கோ என்று பெயரே வைத்திருந்தால் அது பெயர், தடையில்லை. அதில் தொல்லை எழுத்துக் கூட்டலால்தான் வரும்: பள்ளிச் சான்றிதழில் 'யுவராஜ்', ஆதாரில் 'யுவராஜா' என்று இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது இரண்டு ஆளாகத் தெரியும். வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுவதற்கு முன் இறந்தவர் பெயரும் வாரிசுகள் பெயரும் எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சான்றிதழில் மூத்தவர், இளையவர், ஆண், பெண் எல்லோரும் ஒரே பட்டியலில்தான் வருவார்கள்.